ரிப்போட் கைக்கு வந்து நாலு நாள், வீட்டில இன்னும் சொல்லல்ல

வாவிக்கரை_டீச்சர் | களுவாஞ்சிகுடிப் பக்கம் | சனி, இரவு 11.52

வணக்கம். இஞ்ச ரெண்டு வருசமா வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல் தரம். வயசு 41. மூத்தவளுக்கு 14, சின்னவனுக்கு 9. அவர் கட்டாரில. அம்மா என்னோட இருக்கா.

இடப்பக்க மார்பில ஒரு கட்டி. நோகல்ல, அதனால மூண்டு மாசம் பேசாம இருந்திட்டன். மறுகாதான் காட்டி, துண்டு எடுத்துப் பார்த்தாங்க. செவ்வாய்க்கிழமை முடிவு எடுக்கத் தனியாத்தான் போனன். டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு ஆறுதலாத்தான் சொன்னார். "கென்சர்" எண்ட சொல் காதில விழுந்திச்சு. அதுக்குப் பிறகு பத்து நிமிசமாவது கதைச்சிருப்பார், ஒரு சொல்லும் எனக்கு நினைவில்ல. நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தது மட்டும் நினைவிருக்கு. வரக்குள்ள பஸ்ஸில இறங்க வேண்டிய இடத்தையும் விட்டிட்டன். கல்லாறு வந்த பிறகுதான் தெரிஞ்சது.

ரிப்போட்டை அலுமாரியில கூறைச் சாறிக்குக் கீழ வச்சிருக்கன். பிள்ளைகள் படுத்த பிறகு எடுத்து ஃபோனில ஒவ்வொரு சொல்லாத் தேடிப் பார்க்கிறன். "கிறேட் 3" எண்டு போட்டிருக்கு. அப்ப மூண்டாம் கட்டமா? ஸ்கேனுக்கு 16 நாள் தள்ளித்தான் திகதி தந்திருக்காங்க. அதுக்குள்ள உடம்பெல்லாம் பரவிடாதா?

பெரிய பயம் அம்மாதான். அவவிட அக்கா, என்ட பெரியம்மா, கருப்பையில கென்சர் வந்து மகரகமைக் கென்சர் ஆஸ்பத்திரியில இருந்து ஆறு மாசத்தில போனவ. இண்டைக்கும் ஆரும் மகரகமை எண்டு சொன்னா அம்மா எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவா. இவவுக்கு நான் எப்பிடிச் சொல்றது? சொல்லாமலே வைத்தியத்தைத் தொடங்க ஏலுமா? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவேணும். போனா ஆராவது "என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி" எண்டு கேட்டா அந்த இடத்திலேயே உடைஞ்சிடுவன்.


கல்லடித்_தங்கச்சி | கல்லடி | ஞாயிறு, காலை 5.20

டீச்சர், நானும் இதே நோய்தான். ஆறு வருசம் முடிஞ்சுது. காலமைக்கு எழும்பித் தேத்தண்ணி போட முதல் உங்கட பதிவைத்தான் வாசிச்சன், பதில் எழுதிட்டுத்தான் அடுப்படிக்குப் போறன்.

டொக்டர் சொன்னது நினைவில்ல எண்டு உங்களை நீங்களே நோகாதீங்க. எனக்கும் அப்படித்தான். அந்தச் சொல்லைக் கேட்டதோட காது அடைச்சிடும். திரும்பப் போய், "சேர், அண்டைக்கு எனக்கு ஒண்டும் விளங்கல்ல, இன்னொருக்காச் சொல்லுங்க" எண்டு கேட்கலாம். ஆரும் ஏச மாட்டாங்க. ஆனா தனியாப் போகாதீங்க. கூட வாற ஆள் அழாத ஆளா இருக்கவேணும். நான் முதல் தரம் என்ட அக்காவைக் கூட்டிப் போனன், அவ என்னை விட அழுது கடைசியில நான்தான் அவவைத் தேற்றினன். அடுத்த தரம் மச்சாள் வந்தா. அவ பேசாமக் கொப்பியில எழுதிக்கொண்டு இருந்தா.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்க. இரவில வாற கேள்வியெல்லாம் அதில எழுதுங்க. எழுதினாத்தான் தலைக்குள்ள சுத்துறது நிக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இந்த நோயைப் பத்தி ஃபோனில தேடுறதில்ல எண்டு ஒரு கட்டுப்பாடு வையுங்க. நான் அமெரிக்காவில ஆரோ எழுதினதை வாசிச்சு, எனக்கு இல்லாத நோவெல்லாம் ரெண்டு கிழமை அனுபவிச்சன்.

பசிக்காது. பரவாயில்ல, கஞ்சியாவது குடியுங்க.


ஓய்வு_மிஸ்ஸி | மட்டக்களப்பு டவுன் | ஞாயிறு, காலை 8.05

மகள், நான் 31 வருசம் வாட்டில தாதியா வேலை செஞ்சவ. முதல்ல அந்தக் கிறேட்டைப் பார்ப்பம். அதில பயந்து எத்தனை பேர் நித்திரை இல்லாமக் கிடந்ததை நான் கண்டிருக்கன்.

கிறேட் வேற, ஸ்டேஜ் வேற. மார்பகக் கென்சருக்குக் கிறேட் 1, 2, 3 எண்டு மூண்டுதான். நுணுக்குக்காட்டிக்குக் கீழ அந்தக் கலங்கள் சாதாரண கலத்தில இருந்து எவ்வளவு மாறியிருக்கு, எவ்வளவு வேகமாப் பிரியுது எண்டதைத்தான் அது சொல்லுது. கிறேட் 3 எண்டா வேகமானது. ஆனா முதலாம் கட்டத்தில கிறேட் 3 உள்ளவங்களும் இருக்காங்க. ஸ்டேஜ் எண்டது கட்டி எத்தனை சென்ரிமீற்றர், கமக்கட்டு நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகள்) போயிருக்கா, ஈரல், சுவாசப்பை, எலும்புக்குப் போயிருக்கா எண்டு பார்த்துச் சொல்றது. அதுக்குத்தான் ஸ்கேன். ஆகவே உங்கட ஸ்டேஜ் என்னெண்டு இண்டைக்கு டொக்டருக்கே தெரியாது. ஃபோனுக்குத் தெரியவே தெரியாது.

அந்த ரிப்போட்டுக்குப் பிறகு இன்னுமொண்டு வரும். ஈஆர், பீஆர் (ஹோர்மோனால கட்டி வளருதா எண்டு பார்க்கிறது), ஹெர்2 (கட்டியை வேகமா வளர்க்கிற ஒரு புரதம்) எண்டு மூண்டு பார்ப்பாங்க. அதே துண்டில இருந்துதான், ஆனா நாள் எடுக்கும். ஹோர்மோனோட தொடர்புள்ள கட்டியா இருந்தா தமொக்சிபென் மாதிரிக் குளிசை வருசக்கணக்குக்கு உதவும். ஹெர்2 இருந்தா அதுக்கெண்டே தனி மருந்து இருக்கு. முதல்ல ஒப்பரேசனா, மருந்து ஏத்துறதா (கீமோ) எண்டதும் இதுகளைப் பார்த்துத்தான். அவசரப்பட்டு வெட்டிட்டா வழி பிழைச்சுப் போகவும் கூடும். அதனாலதான் காத்திருக்கச் சொல்றது.

16 நாள் பற்றி. கைக்குத் தட்டுப்படுற அளவு கட்டி ஒரு கிழமையில வந்ததில்ல, மாதக்கணக்கா உள்ளுக்க இருந்திருக்கு. உங்கட நோயில ரெண்டு கிழமை காத்திருக்கிறது பெரும்பாலும் பாதகம் இல்ல. ரெண்டு மாசம் ஆக விடக்கூடாது. தந்த திகதியில மிசின் பழுது எண்டு திருப்பினா அடுத்த திகதி எழுதி வாங்காம வீட்டுக்கு வராதீங்க. இடையில மூச்சுமுட்டல், தாங்கேலாத முதுகு நோவு, கால் விறைப்பு இப்பிடி ஏதும் வந்தா தவணையைப் பார்க்காம உடனே போங்க. (வாசிக்கிற மத்தவங்களுக்கு: வேகமா வளர்ற இரத்தப் புற்றுநோய் எண்டா கதை வேற. அதில நாள்கணக்கும் பார்க்க ஏலாது, டொக்டர் உடனே வரச் சொன்னா உடனே போகவேணும்.)

துண்டு எடுத்தது தனியார் இடத்திலயா? அப்படியெண்டா அங்க இருந்து அந்தத் துண்டு வச்ச மெழுகுப் புளொக்கையும் கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்க. பெரியாஸ்பத்திரி கென்சர் பிரிவில திரும்பப் பார்க்கக் கேட்பாங்க. ரிப்போட் எல்லாம் ரெண்டு போட்டோக் கொப்பி எடுத்து ஒரு ஃபைலில வையுங்க. பிரசர், சீனிக்குக் குடிக்கிற குளிசை, கசாயம், எல்லாம் எழுதிக் கொண்டுபோங்க. பெரியம்மாட நோயையும் சொல்லுங்க. அது கருப்பையிலயா, கருப்பை வாசலிலயா, சூலகத்திலயா எண்டு அம்மாக்கிட்டக் கேட்டு வையுங்க. சூலகம் எண்டா உங்கட நோய்க்கும் பரம்பரைத் தொடர்பு இருக்கலாம், உங்கட மகளுக்கும் பிறகு அது தேவைப்படும்.


தாழங்குடா_மைந்தன் | ஞாயிறு, காலை 9.40

வாசிக்கவே மனம் கனத்துப் போச்சு டீச்சர். என்ட கருத்து, அம்மாவுக்கு இப்ப சொல்லாதீங்க. வயசான மனுசி. வைத்தியம் தொடங்கி ஒரு நிலைக்கு வந்த பிறகு சொன்னாப் போதும்.


சாய்ந்தமருது_லாத்தா | சாய்ந்தமருது | ஞாயிறு, பகல் 1.15

மைந்தன் தம்பி, நீங்க அன்பாத்தான் சொல்றீங்க. நாங்களும் அப்பிடி நினைச்சுத்தான் செஞ்சோம். எங்கட உம்மாவுக்கு குடல்ல வந்தது. நானாமார் (அண்ணன்மார்) மூணு பேரும் கூடி முடிவெடுத்து, "அல்சர்" எண்டு சொல்லிக் கூட்டிட்டுப் போனோம். ரிப்போட் இங்கிலீசில, உம்மாக்கு வாசிக்கத் தெரியாது. டொக்டரையும் மிஸ்ஸிமாரையும் சொல்லாதீங்கண்டு கெஞ்சினோம்.

மூணாவது தரம் மருந்து ஏத்தப் போன நாள், பக்கத்துக் கட்டில்ல இருந்த ஒரு சிங்களப் பொம்புள, உம்மாட கையப் புடிச்சு அரைகுறைத் தமிழ்ல, "அம்மா, உங்களுக்கு எந்த இடத்தில கென்சர்?" எண்டு அன்பாத்தான் கேட்டா. உம்மா என்னப் பாத்தா. ஒண்ணும் பேசல்ல. வேனில கல்முனை வந்து சேருற வரைக்கும் பேசல்ல. வீட்ட வந்து தொழுதுட்டு இருந்து, "எனக்கு வந்த நோய எனக்குத்தான் கடைசியாச் சென்னீங்க" எண்டா. அவ்வளவுதான்.

அதுக்குப் பொறகு உம்மா ரெண்டு வருசம் ஹயாத்தோட (உயிரோட) இருந்தா, அல்ஹம்துலில்லாஹ். கடனக் குடுத்தா, நகையப் பிரிச்சா, பேசாம இருந்த மைனியோட பேசினா. அந்த மூணு மாசத்த நாங்க அவட கையில இருந்து எடுத்துட்டோமேண்டு எனக்கு இண்டைக்கும் நெஞ்சு எரியுது.

டீச்சர், நீங்க மறைக்கிறது உங்கட நோய, அது வேற. ஆனா ஒரே வீட்டில இருக்கிற தாய்க்கு மறைக்க ஏலாது. முடி கொட்டும், வாந்தி வரும். அப்ப தெரியிறத விட இப்ப உங்கட வாயால கேக்கிறது நல்லம். முதல்ல மாப்பிள்ளைக்கு சொல்லுங்க. துஆ செய்றேன்.


இயற்கை_வழி | ஞாயிறு, மாலை 4.30

துண்டு எடுத்ததே பிழை. கத்தி பட்டாக் கட்டி பரவும். அன்னமுன்னா இலை அவிச்சுக் குடிக்க நாப்பது நாளில கரையும். மலைநாட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கார், விலாசம் தனியா அனுப்புறன். கீமோ மட்டும் ஏத்திடாதீங்க.


அக்கரைப்பற்று_மகன் | அக்கரைப்பற்று | ஞாயிறு, மாலை 5.10

அண்ணன், அந்த விலாசத்தை அவவுக்கு அனுப்பவேணாம். கும்பிட்டுக் கேட்கிறன்.

என்ட அப்பா வயல்காரர். விடிஞ்சா வெத்திலைதான், பாக்கும் புகையிலையும் சேர்த்துத்தான். கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையா ஒரு படை, மறுகா புண். துண்டு எடுத்துப் பார்த்து ஆரம்பம்தான், வெட்டி எடுத்தாச் சரி எண்டாங்க. முகத்தை வெட்டுறதா எண்டு அப்பாவுக்குப் பயம். ஒருத்தர் இப்பிடித்தான் ஒரு விலாசம் தந்தார். எண்ணெயும் கசாயமுமா ஏழு மாசம். புண் கழுத்துக்கு இறங்கி வாய் திறக்க ஏலாம வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினம். அந்த டொக்டர் எங்களை ஏசவும் இல்ல. பழைய ரிப்போட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

முடிவு வந்த முதல் பத்து நாள்தான் எங்களுக்கு வினையா வந்தது. பயத்தில இருக்கக்குள்ள "வெட்டத் தேவையில்ல" எண்டு சொல்ற வாய் தெய்வ வாக்கு மாதிரி இருக்கும். டீச்சர், உங்களுக்கும் இனி நிறைய விலாசம் வரும். அன்போட தாறவங்கதான் தருவாங்க.


ஓய்வு_மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 7.30

மகன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்டும் இல்ல. ஊசி குத்தித் துண்டு எடுக்கிறதால மார்பகக் கென்சர் உடம்பெல்லாம் பரவும் எண்டது உண்மையில்ல. துண்டு எடுக்காம எந்த மருந்து எண்டு தீர்மானிக்கவே ஏலாது. மருந்து ஏத்துற காலத்தில இலைச்சாறு, கசாயம் குடிச்சு ஈரல் பழுதாகி, ஏத்துறதை இடையில நிப்பாட்டினவங்களைக் கண்டிருக்கன். மனத் திருப்திக்கு ஏதும் குடிக்க ஆசையெண்டா டொக்டரிட்டக் கேட்டுட்டுக் குடியுங்க.


வாவிக்கரை_டீச்சர் | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி எண்டு எழுதினாப் போதாது. நேற்று ரெண்டு தரம் வாசிச்சன். கிறேட்டையும் ஸ்டேஜையும் குழப்பிக்கொண்டு நாலு இரவு கிடந்திருக்கன்.

அவருக்குச் சொல்லிட்டன். வட்ஸ்அப்பில முகம் பார்த்து. சொன்னதும் படம் அசையாம நிண்டிச்சு, லைன் போயிட்டு எண்டு நினைச்சன். லைன் போகல்ல, அவர்தான் அசையாம இருந்திருக்கார். மறுகா "டிக்கட் பார்க்கிறன்" எண்டார். இப்ப வரவேணாம், ஒப்பரேசன் திகதி தெரிஞ்ச பிறகு வாங்க எண்டன். தங்கச்சிக்கும் சொன்னன். அவ ஸ்கேனுக்கு வாறா. அழாத ஆள்தான்.

பள்ளிக்கூடம் போனன். ஆரும் ஒண்டும் கேட்கல்ல. நாலாம் பாடம் வரைக்கும் பின்னம் படிப்பிச்சன், அந்த நேரம் ஒண்டும் நினைவு வரல்ல. அது குற்றமாவும் இருந்திச்சு, ஆறுதலாவும் இருந்திச்சு.

ஆனா இது வெளியில தெரிஞ்சா ஊரே வரும். பெரியம்மாவுக்கு வந்தமாதிரி. செத்த வீட்டுக்கு வாற மாதிரி மாரி பிஸ்கட்டும் நெஸ்டமோல்ட்டும் கொண்டுவந்து, கட்டிலைச் சுத்தி இருந்து, ஆர் ஆருக்கு இது வந்து செத்தது எண்டு கதைப்பாங்க. அதை என்ட மகள் கேட்கக்கூடாது.


வாழைச்சேனை_அண்ணன் | வாழைச்சேனை | செவ்வாய், காலை 6.45

தங்கச்சி, என்ட மனுசிக்கு வந்தபோது நான் பட்டது இதுதான். முதல் கிழமை 60 பேருக்கு மேல வந்தாங்க. தேத்தண்ணி ஊத்தியே மாமி களைச்சுப் போனா. வந்த ஒரு அம்மா என்ட மனுசியிட தலையைத் தடவி, "இந்த முடியெல்லாம் போகப்போகுதே" எண்டு அழுதா. அண்டைக்கு இரவு மனுசி முதல் தரம் என்னைக் கட்டிப்பிடிச்சுக் கத்தி அழுதா.

அடுத்த நாள் நான் கேற்றடியில கதிரை போட்டு இருந்தன். வந்தவங்களை அங்கயே மறிச்சு, "டொக்டர் ஆக்களைச் சந்திக்க வேணாம் எண்டிருக்கார்" எண்டன். அண்டைக்கு அது பொய். மருந்து ஏத்தத் தொடங்கின பிறகு உண்மையாவே அப்பிடித்தான் சொன்னாங்க, தடிமன் காய்ச்சல் தொத்தினா ஆபத்து எண்டு. உங்களுக்கு அவர் ஊரில இல்ல, அதால மச்சானோ தங்கச்சியிட புருசனோ ஒருத்தரைக் கேற்றடிக்கு ஆக்குங்க. செய்தி சொல்றதும் அவர்தான், ஃபோன் எடுக்கிறதும் அவர்தான்.

"ஏதும் உதவி வேணுமா" எண்டு கேட்கிறவங்களுக்கு வேலை குடுங்க. நான் அதைத் தெரியாம "ஒண்டும் வேணாம்" எண்டே சொல்லிட்டன். சின்னவனை டியூசனுக்கு ஏத்தி இறக்க ஒருத்தர், புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு ஒருத்தர். வாறவங்களுக்கும் அது நிம்மதி, அழுதுகொண்டு இருக்கத் தேவையில்ல.

காசுப் பக்கம் ரெண்டு வார்த்தை. அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம்தான், ஆனா சில டெஸ்ட், சில மருந்து வெளியில வாங்க வரும், போக்குவரத்தும் இருக்கு. ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்தில விசாரியுங்க. நீங்க அரசாங்க ஆசிரியர், அக்ரஹார காப்புறுதியில என்ன கிடைக்கும் எண்டு வலயக் கல்வி அலுவலகத்தில கேளுங்க. பில் ஒண்டையும் எறியாதீங்க.


கல்லடித்_தங்கச்சி | செவ்வாய், பகல் 12.30

பிள்ளைகளுக்குச் சொல்றதைப் பற்றி எழுத மறந்திட்டன். நோயிட பேரைச் சொல்லியே சொல்லுங்க. "அம்மாக்குச் சுகமில்ல" எண்டு மட்டும் சொன்னா, நாளைக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தா அவனும் சாகப்போறன் எண்டு நினைப்பான். என்ட மகன் அப்ப எட்டு வயசு. ஒரு கிழமை கழிச்சுத்தான் கேட்டான், "நான் பந்தால எறிஞ்சது பட்டதாலயா அம்மா?" எண்டு. அந்த ஒரு கிழமையும் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கு. அவன் செஞ்சதால வரல்ல, ஒரே கோப்பையில சாப்பிட்டாலும் தொத்தாது எண்டு அவன் கேட்க முதல் நீங்களே சொல்லிடுங்க. "சாவீங்களா" எண்டு மகள் கேட்டா, மாட்டன் எண்டு சத்தியம் பண்ணாதீங்க. "சுகமாகத்தான் மருந்து செய்யப்போறம், ஏதும் மாறினா உனக்கு மறைக்க மாட்டன்" எண்டு சொல்லுங்க. அதை நான் காப்பாத்தினன். இப்ப அவனுக்கு 14, கிளினிக் நாள் எதெண்டு என்னை விட அவனுக்குத்தான் நினைவிருக்கும்.

இரவில நெஞ்சு படபடத்து நித்திரையே இல்லையெண்டா அதையும் டொக்டரிட்டச் சொல்லவேணும். அதுக்கும் மருந்து இருக்கு. 1926க்கு (மனநல உதவி இலக்கம்) அடிச்சாக் கதைக்கவும் ஆள் இருக்கு.


வாவிக்கரை_டீச்சர் | வெள்ளி, இரவு 9.05

அம்மாவுக்குச் சொல்லிட்டன்.

பின்னேரம் பிள்ளைகள் டியூசன் போன நேரம் கூறைச் சாறியைத் தூக்கி ரிப்போட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனன். அம்மா மீன் கழுவிக்கொண்டு இருந்தா. "அம்மா, எனக்குப் பெரியம்மாக்கு வந்த மாதிரி ஒண்டு வந்திருக்கு, இது மார்பில" எண்டன். கழுவின மீனைத் திரும்பத் திரும்பக் கழுவினா. மறுகா கையைத் துடைச்சிட்டு வந்து திண்ணையில இருந்தா.

பெரியம்மாட கதையை அண்டைக்குத்தான் முழுசாக் கேட்டன். அவவுக்குச் சொல்லவேணாம் எண்டு எல்லாரையும் மறிச்சது அம்மாதானாம். கடைசிக் கிழமை பெரியம்மா, "என்ன நோயெண்டு உனக்குத் தெரியும், சொல்லு" எண்டு கேட்டிருக்கா. அம்மா, "ஒண்டும் இல்லக்கா" எண்டாவாம். மகரகமை எண்ட பேரைக் கேட்டா அம்மா எழும்பிப் போறது அந்த ஒரு வார்த்தைக்காக. இத்தனை வருசமா நான் அது அவவிட பயம் எண்டு நினைச்சிருக்கன். லாத்தா, நீங்க எழுதினதை அவவுக்கு வாசிச்சுக் காட்டினன். சீலைத் தலைப்பால முகத்தை மூடிக்கொண்டு கேட்டா.

பெரியம்மாக்கு வந்தது கருப்பை வாசலிலயாம், மிஸ்ஸி. சூலகம் இல்ல. கொப்பியில எழுதிட்டன்.

மறுகா, "மார்பை எடுப்பாங்களா?" எண்டு கேட்டா. தெரியாது அம்மா, எடுக்கவும் கூடும் எண்டன். நெடுநேரம் இருந்திட்டு, "கண்ணகைத் தாயும் ஒத்த மார்போடதானே மகள் நம்மட ஊருக்கு வந்தா, அவவைத்தானே கும்பிடுறம்" எண்டா. விளக்கு வைக்க எழும்பிப் போயிட்டா. நான் அந்தத் திண்ணையில இருந்து, செவ்வாய்க்குப் பிறகு முதல் தரம், வாய் விட்டு அழுதன்.

இரவு பிள்ளைகளுக்கும் சொன்னன், அம்மாவும் பக்கத்தில இருந்தா. சின்னவன், தலைமுடி கொட்டினா தானும் மொட்டை அடிக்கிறன் எண்டான். மகள் ஒண்டும் சொல்லல்ல. என்ட கொப்பியை எடுத்து, நான் கிறுக்கி வச்ச கேள்வியெல்லாத்தையும் வடிவான எழுத்தில திருப்பி எழுதினா. 11 கேள்வி. கடைசிக் கேள்வி அம்மா சொல்லச் சொல்ல எழுதினது: மருந்து ஏத்துற காலத்தில வைகாசிக் குளுத்திக்கு (கண்ணகை அம்மன் திருவிழா) கோயிலுக்குப் போகலாமா, சனக்கூட்டம் கூடாதா?


ஓய்வு_மிஸ்ஸி | வெள்ளி, இரவு 9.40

அதைக் கட்டாயம் கேளுங்க மகள். மருந்து ஏத்தி ஒரு கிழமை, பத்து நாளில வெள்ளணு நல்லாக் குறையும், அந்த நாளில சனத்துக்குள்ள போறது கூடாது. காய்ச்சல் 38 பாகை காட்டினா விடியும் வரைக்கும் பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், அதையும் 12ஆவதா எழுதச் சொல்லுங்க. தேர்மோமீற்றர் ஒண்டு வாங்கி வையுங்க. ஏத்துற திகதி தெரிஞ்சா குளுத்தி எந்தக் கிழமையில விழுது எண்டு நான் எண்ணிப் பார்த்துச் சொல்றன்.